வலது வளைவில் மட்டும்

பட்டறையில் பாய் கேட்கிறார், இவர் சொல்கிறார். வண்டி எப்பல்லாம் வழுக்குது தம்பி. எப்பவுமே வழுக்குது பாய். ஏறும்போதா, எறங்கும்போதா. ரெண்டுலயும்தான் பாய். இவர் அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்து மூன்று வருஷம் ஆகிறது. அதுவும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கோயில் வாசலிலிருந்து ரோடு வரைக்கும். இல்லாத கிளட்சை இடது கால் தேடி பிரேக்கில் போய் விழுந்து, வண்டி குப்புற விழப் போவது மாதிரி நின்று, சிஸ்டர்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அன்றைக்கு இறங்கினவர்தான். என் வீட்டுக்காரர் பிரிட்டோ நல்ல மனுஷன், பொய் பேசத் தெரியாதவர், ஆனால் பட்டறையில் ஓர் ஆம்பளை இன்னோர் ஆம்பளையிடம் கேட்கும்போது எனக்குத் தெரியாது, ஓட்டுறது அவதான் என்று சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் பதில் மாதிரி எதையாவது எடுத்துக் கொடுக்கிறார். நான் கொஞ்சம் தள்ளி, சுவரோரம் கழற்றிப் போட்டிருக்கும் பழைய லாரி சீட்டில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறேன். தகரத்தில் தூறல் விழுகிறது. கிரீஸ் வாசம், டீசல் வாசம், பிள்ளையின் தலையில் பால் வாசம். எப்பவுமே இல்லை. எப்பவுமே இல்லை என்று தொண்டை வரைக்கும் வருகிறது, அங்கே நிற்கிறது. வால்பாறையில் லாரி வேலைக்குக் காஜா பாயை விட்டால் ஆளில்லை, முப்பது வருஷக் கை, அவர் ஒருதரம்கூட என் பக்கம் திரும்பவில்லை, திமிரில் இல்லை, மரியாதையில். வீட்டுல என்ன சொல்றாங்க என்று இவரிடம்தான் கேட்டார். வித்துரலாம்னுதான் என்று இவர் சொன்னார். வீட்டுல அப்படிச் சொல்லவே இல்லை. வீட்டுல சொன்னது வேற. பொள்ளாச்சியிலிருந்து லாரி கிளம்பியாச்சு, பன்னிரண்டு மணிக்கு வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்கு உடைத்துவிடுவார்கள், ஆர்சி புத்தகத்தை நகல் எடுத்துட்டு வாங்க தம்பி என்கிறார் பாய், இவர் குடையை விரித்துக்கொண்டு கிளம்புகிறார், போகிற போக்கில் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, விடு, நல்லதுக்குத்தான் என்று அதற்கு அர்த்தம்.

நல்லதுக்குத்தான். இவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குத் திரும்பும்போது பாலத்து வளைவில் என்ஜின் மட்டும் ஊ என்று கத்தியது, வண்டி நகரவில்லை, அப்புறம் பின்னால் போனது. இரண்டடி இருக்கும். இரண்டே அடி, ஆனால் பிரேக்கை மிதித்த காலை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஊஞ்சல் மாதிரி இருந்துச்சு, இன்னொரு தரம் பண்ணுங்கக்கா என்றான் ஒருவன். என் மூத்தவள் ஜெனிலா மட்டும் சிரிக்கவில்லை, என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நிறுத்தியது. வெள்ளி, திங்கள், செவ்வாய், மூன்று நாள் பள்ளிக்கூடம் போச்சு, ஏழு பிள்ளைகளுக்கும். பஸ் எங்கள் டிவிஷனுக்கு வருவதில்லை, மண் சரிந்த இடத்தில் திரும்பிப் போய்விடும், அங்கிருந்து தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை, நாலு மணிக்கே பனி இறங்கிவிடும், செடிக்குள் ஏதோ நகரும், அது காற்றா சிறுத்தையா என்று நின்று பார்க்கிற வயசா அதுகளுக்கு. என்னையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். ஏழாவது முடிந்தது, எட்டாவது டவுனில். அந்த வருஷம் பாதையில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு வாரம் போகாம இரு, பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. யாரும் என்னைப் படிக்காதே என்று சொல்லவில்லை, அதுதான் இதில் கொடுமை, யார் மேலும் கோபப்பட முடியாது. பார்க்கலாம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள், நான் கொழுந்து பறிக்கப் போய்விட்டேன். நேற்று இவர் ஜெனிலாவிடம் சொல்கிறார், ஒரு வாரம் வீட்ல இரு பாப்பா, பார்க்கலாம். அதே வார்த்தை. கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

மாட்டேன். மனசுக்குள் சொல்ல நன்றாகத்தான் வருகிறது. வாயைத் திறந்தால்தான் நான் வேறு ஆளாகிவிடுகிறேன், கடையில் உப்பு கேட்கவே இரண்டு தடவை எச்சில் விழுங்குகிற ஆள். ஆனால் அந்த வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் அப்படி இல்லை. லைசென்ஸ் இருக்கிறது, போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறேன், ஆனாலும் இருக்கிறது. எஸ்டேட்டின் பழைய மேனேஜர் துரை வேலையை விட்டுப் போகும்போது இந்த ஜீப்பை வாங்க ஆளில்லை, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக்கை இந்த மலையில் வெச்சுக்கிட்டு என்ன பண்றது என்று எல்லாரும் ஒதுங்கினார்கள், பங்களாத் தோட்டத்தில் பதினொரு வருஷம் வேலை செய்தவர் என்று இவரிடம் விட்டுவிட்டுப் போனார். யாருக்கும் வேண்டாத வண்டி, ஆனால் எனக்கென்றே செய்த மாதிரி. பத்தொன்பது வயதில் மழையில் கொழுந்துப் பையோடு சறுக்கி இடது கணுக்கால் உடைந்து கோணலாகக் கூடிக்கொண்டது, நடக்கலாம், ஏறலாம், மிதிக்க மடங்காது. வேறு எந்த வண்டியையும் நான் ஓட்ட முடியாது, இதற்கு இரண்டே மிதி, வலது கால் ஒன்றே போதும். ஃபேக்டரி மைதானத்தில் ஞாயிறு ஞாயிறாகத் தனியாகச் சுற்றிச் சுற்றி நானே பழகினேன். அதனால் அதன் ஒவ்வொரு முனகலும் எனக்குத் தெரியும். காலையில் கிளம்பக் கியர் லீவரை டி-யில் போட்டால் முன்பெல்லாம் உடனே லேசாக ஓர் உதறல் வரும், வண்டி நான் தயார் என்று சொல்வது மாதிரி. இரண்டு மாதமாக அந்த உதறல் தாமதமாக வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். போன மாதம் மூன்றில் வந்தது. இந்த மாதம் ஐந்தில். இறக்கத்தில் ஒன்றுமே இல்லை. நேர் ரோட்டில் ஒன்றுமே இல்லை. ஏற்றத்தில், அதுவும் வளைவில். கோயில் வளைவு இடது பக்கம், எவ்வளவு செங்குத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடும். பாலத்து வளைவு வலது, வழுக்கும். ரேஷன் கடை வளைவு இடது, பிடிக்கும். மூடிப்போன ஃபேக்டரி வளைவு வலது, வழுக்கும். இரண்டு மாதம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வலதில் மட்டும். கியர்பாக்ஸுக்குள் தட்டு தேய்ந்திருக்கிறது என்கிறாரே பாய், தேய்ந்த செருப்பு இடது பக்கம் திரும்பினால் புதுச்செருப்பாக ஆகிவிடுமா. இதை யாராவது பாயிடம் கேட்கணும். யாராவது என்றால் யார்.

பாய் இப்போது வண்டியைச் சுற்றி வருகிறார், டயரை ஒரு தட்டுத் தட்டுகிறார், டயருக்கு என்ன கேடு, பாவம், பிரிய மனசில்லாமல் தட்டுகிறார் போல. அவரும் சும்மா சொல்லவில்லை, பார்த்துவிட்டுத்தான் சொன்னார். காலையில் வந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், கொண்டுவந்து நிறுத்தி என்ஜினை அணைத்தார், இவரோடு ஒரு டீ குடித்தார், பிறகு பானெட்டைத் திறந்து கியர் ஆயிலின் அளவுக் கம்பியை உருவி, துடைத்து, விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் காட்டினார். ஆயில் கரெக்டா இருக்கு தம்பி, கோட்டுக்கு மேலயே நிக்குது, அப்ப கோளாறு உள்ளதான், பிரிச்சா திருப்பிச் சேர்க்க இந்த மலையில ஆள் கிடையாது. லாரிக்கு அப்படித்தான் பார்ப்பார், ஜீப்புக்கு அப்படித்தான், என்ஜின் ஆயில் பார்க்கிறது எல்லாமே அப்படித்தான், அணைச்சுட்டு, ஆறவிட்டு. அங்கேதான் எனக்குள் ஏதோ ஓர் ஆணியில் புடவை மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது, காலையிலிருந்து இழுக்கிறேன், வர மாட்டேன் என்கிறது. பத்து நாளைக்கு முன்னால் நானும் அந்தக் கம்பியை உருவினேன். வைப்பருக்குத் தண்ணி ஊற்றுவதற்காக பானெட்டைத் திறந்தேன், என்ஜினை அணைக்க மறந்துவிட்டேன், உள்ளே பக்கத்தில் சின்னதாக ஒரு வளையம், இது என்ன என்று இழுத்தால் நீளமாக ஒரு கம்பி, நுனி காய்ந்து கிடந்தது, துடைத்து மறுபடி விட்டேன், மறுபடியும் காய்ந்தே வந்தது. என்ஜினை அணைத்துவிட்டுப் போய்ப் பிள்ளைத் துணியெல்லாம் அலசிக் காயப்போட்டு வந்து எடுத்தால் கோடு வரைக்கும் ஆயில். யாராவது ஊற்றிவிட்டுப் போனார்களா, எனக்குக் கண் சரியில்லையா, பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லாத தலை, இப்படியெல்லாம் தெரியுமோ என்று பயந்தேன். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் துரை விட்டுப்போன புத்தகம் இருந்தது, இங்கிலீஷ், நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போவேன், ஆனால் படம் இருந்தது. சாவி திருப்பிய படம். லீவர் பி-யில், வண்டியை நிறுத்தி வைக்கிற எழுத்தில், இருக்கிற படம். அதற்கு அடுத்ததாகக் கம்பி. கம்பியின் நுனியிலேயே எச், ஓ, டி என்று பொறித்திருக்கிறது, ஜெனிலாவின் புத்தகத்தில் ஆவி பறக்கிற கிண்ணத்துக்குக் கீழே இருக்கிற அதே மூன்று எழுத்து, ஹாட். சூடாக இருக்கும்போது, ஓடும்போது பார்க்கச் சொல்கிறது. சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். அதெல்லாம் பாய்க்குத் தெரியாதா என்றார். அத்தோடு நானும் சாம்பார் ஊற்றினேன்.

சாம்பார் ஊற்றினேன். கீழே சிவப்பாகச் சொட்டு விழுந்ததையும் அப்படித்தான் விட்டேன். வண்டி நிற்கிற சிமெண்டில் ஒருநாள் மூன்று சொட்டு, இன்னொரு நாள் ஐந்து. பக்கத்து லைன் வீட்டில் இருக்கிற லாசர் மாமா எப்போதும் வெற்றிலை போடுகிறவர், என் வீட்டு வாசல்தான் உமக்குத் துப்புற இடமா என்று இவர் சண்டைக்கே போய்விட்டார், மாமா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார், இரண்டு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நான் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், வெற்றிலை எச்சில் இப்படி வழுவழு என்று இருக்குமா என்று ஒரு நிமிஷம் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அதையும் சொல்லாமல் விட்டேன். எத்தனை விட்டிருக்கிறேன். மடியில் சின்னது முழித்துக்கொண்டது. சிணுங்குகிறது, இதோ, இதோ, பையில் பால் புட்டி, காலையில் கரைத்தது, கால்வாசிதான் மிச்சம். வாயில் வைத்ததும் சப்புகிறது. பாய் என் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொள்கிறார், நல்ல மனுஷன். மணி பதினொன்றே கால். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் நகருவது தெரிகிறது, இங்கே உட்கார்ந்தால்தான் அது தெரியும் போல. சின்னது தலையை வலது பக்கம் திருப்புகிறது, புட்டியும் கூடவே சாய்கிறது, திடீரென்று வாயிலிருந்து விட்டுவிட்டு வீல் என்று கத்துகிறது. என்னடி, பால் இருக்கே. இருக்கிறது. ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. ரப்பருக்கு வரவில்லை, காற்றைக் குடித்துவிட்டுக் கத்துகிறது. நேராகப் பிடித்தால் குடிக்கிறது. வலது பக்கம் சாய்த்தால் கத்துகிறது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுபடி சாய்த்தேன், பாவி, பிள்ளையை வைத்துச் சோதனை பண்ணுகிறேன், மறுபடி கத்தியது. புட்டி நிறைய ஊற்றியிருந்தால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் வரும். குறைந்தால்தான் பக்கம் பார்க்கும். ஊ என்று கத்தியதே வண்டி பாலத்து வளைவில், நகராமல், அது தேய்ந்த கத்தல் இல்லை, ஆயில் குறைந்த பசிக் கத்தல்.

எழுந்திரு. தப்பாக இருந்தால். நான் சொல்லி, இவர் லாரியைத் திருப்பி அனுப்பி, மறுபடி ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மறுபடி பாலத்து வளைவில், இந்தத் தடவை இரண்டடியில் நிற்காமல். கீழே ஆறு. ஏழு பேருடைய அம்மாக்களும் என்னைத்தானே பார்ப்பார்கள். சொல்லாமல் இருந்தால் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். சொல்லாமல் இருப்பது எவ்வளவு பத்திரமான இடம், பிறந்ததிலிருந்து நான் குடியிருக்கிற வீடு அது. வண்டி போகும், மூத்த பிள்ளை ஒரு வாரம் வீட்டில் இருக்கும், அப்புறம் ஒரு வாரம், என் பக்கத்தில் குட்டிக் கொழுந்துக் கூடையோடு நிற்கும், யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், நீ நல்ல பொண்ணு என்பார்கள். வேண்டாம். தப்பாகவே இருக்கட்டும், என் வாயிலிருந்து வந்த தப்பாக இருக்கட்டும். இவர் நகலோடு வந்துவிட்டார், குடையை உதறுகிறார். எழுந்து போய்ப் பிள்ளையை இவர் கையில் கொடுத்தேன், புட்டியையும். எங்க போற என்று கேட்டது காதில் விழுந்தது, சாவி வண்டியிலேயேதான் இருக்கிறது, ஏறினேன், திருப்பினேன். பாய் அப்போதுதான் திரும்பினார், என்னை நேராகப் பார்க்காமல் இவரைப் பார்த்து, தம்பி, வீட்டுல எதுக்கு ஸ்டார்ட் பண்றாங்க என்றார். பிரேக்கை அழுத்தினபடி லீவரை ஒவ்வொரு எழுத்திலும் நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்தது, மறுபடி பி-க்கே கொண்டுவந்து, கை பிரேக்கைப் போட்டு இறங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தரம் சொன்னேன்.

"பாய், இதை ஓடும்போதுதான் பார்க்கணும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, மோசமான சிரிப்பு இல்லை, பிள்ளை ஏதோ சொன்னால் வருமே அது. ஓடும்போது எடுத்தா மூஞ்சில தெறிக்கும்மா, ஓரமா நில்லுங்க என்றார், அவர் என்னிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அதுதான். தெறிக்கட்டும் என்று நானே உருவினேன். துப்பட்டாவில் துடைத்தேன், வெள்ளைத் துப்பட்டா, பரவாயில்லை, விட்டேன், எடுத்தேன். காய்ந்த கம்பி. நுனியில் ஒரே ஒரு சிவப்பு முத்து, அதுவும் விழவா வேண்டாமா என்று நின்றது. பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். தானும் ஒரு தரம் எடுத்துப் பார்த்தார். அந்தச் சொட்டை விரலில் தடவி முகர்ந்தார், கருகின வாசம் வந்தால் எல்லாம் முடிந்தது என்று எனக்கும் தெரியும், அடிப்பிடிச்ச சட்டியைக் கண்டுபிடிக்க எத்தனை வகுப்பு படிக்கணும். கருகலை என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். கம்பியைத் துடைத்துத் திரும்ப மாட்டினார், என்ஜின் ஓடுகிற சத்தம், தூறல், சின்னது புட்டியைச் சப்புகிற சத்தம். அணைச்சா மேல போன ஆயில் எல்லாம் இறங்கி நிறைஞ்ச மாதிரி காட்டியிருக்கு, நாலஞ்சு ஆட்டோமேட்டிக்கை இப்படித்தான் பார்த்து ஒடைக்கக் கீழ அனுப்பியிருக்கேன் தம்பி என்று இவரிடம் மெதுவாகச் சொன்னார். அதைச் சொல்ல ஒரு மனசு வேணும், அவர் சொன்னார்.

கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். டார்ச் வெளிச்சம் அங்கே இங்கே அலைகிறது. தம்பி, எந்தப் பக்கம் வளையும்போதுன்னு எதும் கவனிச்சீங்களா என்று உள்ளிருந்து கேட்கிறார். இவர் என்னைப் பார்க்கிறார். இவர் முகத்தில் பள்ளிக்கூடத்தில் கேள்வி தெரியாமல் எழுந்து நிற்கிற முழி. இந்தத் தடவை எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "அவதான் பாய் ஓட்டுறா, நான் ஓட்டுறதில்ல," என்று சொல்லிவிட்டார், சொல்லிவிட்டுப் பிள்ளையின் முதுகைத் தட்டுகிறார், ஏப்பம் வந்த பிள்ளைக்கு மறுபடியும் தட்டுகிறார். நான் தரையில் உட்கார்ந்தேன், மடங்காத காலை நீட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து வண்டிக்கு அடியில் விட்டேன். இரும்புச் சூடும் சேற்று வாசமும் முகத்தில் அடித்தது. வலது பக்கம் மட்டும் பாய், ஏத்தத்துல மட்டும், காலையில டி-ல போட்டா அஞ்சு எண்ணுற வரைக்கும் எடுக்காது, நேர் ரோட்டுல ஒண்ணுமே இல்ல, கீழ சிவப்பாச் சொட்டும், ரெண்டு மாசமா. இருட்டில் ஆளின் முகம் தெரியாததாலோ என்னவோ, வந்துகொண்டே இருந்தது. பாய் ம், ம் என்றார். இதை ஏம்மா காலையிலயே சொல்லல என்றார். நீங்க கேக்கலை பாய் என்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் இருமல். ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற ரப்பர் குழாய் ஒன்றின் வாய் நனைந்திருக்கிறது, அதற்கடியில் அழுக்கெல்லாம் சிவப்பாக ஊறிக் கிடக்கிறது, பார்த்தீங்களா என்று டார்ச்சைத் திருப்பினார், பார்த்தேன். பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துற சிவப்பு ஆயில் டின் இருக்கு, இப்போதைக்கு அதை ஓட விட்டுக்கிட்டே ஊத்துவோம், பிள்ளைங்க இல்லாம ரெண்டு நாள் நீங்களும் நானும் ஏறிப் பார்ப்போம், சரியாகலைன்னா உள்ள வேலைதான், நான் உத்தரவாதம் தர மாட்டேன் தங்கச்சி என்றார். தர வேண்டாம் என்றேன்.

வெளியே ஏர் ஹாரன் அடிக்கிறது, பெரிய லாரி, மலை ரோட்டில் வந்த சூட்டில் அதன் பிரேக் நாறுகிறது. யாரோ குதித்து இறங்குகிற செருப்புச் சத்தம். வண்டி எதுங்க, யாரு பார்ட்டி என்று ஒரு குரல். இவர் கால்கள் எனக்குத் தெரிகின்றன, இரண்டடி அந்தப் பக்கம் போயின, நின்றன, திரும்பி என்னிடம் வந்தன. குனிந்து வண்டிக்கடியில் எட்டிப் பார்க்கிறார், பிள்ளை இவர் தோளிலிருந்து என்னைத் தலைகீழாகப் பார்த்துச் சிரிக்கிறது.

"ரூபி, லாரி வந்திருச்சு. நான் என்ன சொல்லட்டும்?"

"போகச் சொல்லுங்க."

குரல் நடுங்கியது, நடுங்கினால் என்ன, காதில் விழுந்தது இல்லையா. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குழாயின் வாயில் இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது, பாய் டார்ச்சைக் குழாய்க் கிளிப்பின் மேல் பிடித்துக்கொண்டு அதை முடுக்கி முடித்து ஸ்க்ரூ டிரைவரை விலக்கிவிட்டார், போதும் என்று நினைத்துவிட்டார் போல.

"இன்னும் ஒரு சுத்து முடுக்குங்க பாய்," என்றேன்.